முக்திநாத் போகும் வழியில் தில்லி: ஊரிலிருந்து வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தில்லி மயூர் விஹாரில் வீடு இருப்பதில் ஒரு வசதி, ஒரு தொல்லை. இரண்டும் ஒன்றேதான்: ஊரிலிருந்து வடக்கே யாத்திரை கிளம்புகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் நம் வீட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டுத்தான் போவார்கள். முன்பெல்லாம் பத்ரி, கேதார், ஹரித்துவார். இப்போது நேபாளத்து முக்திநாத், லும்பினி, ஜனக்பூர் எல்லாம் சேர்ந்துகொண்டன. காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் கேள்விகள் ஆரம்பம். அது நம்ம கோவிலா, அவர்கள் கோவிலா? சீதை நேபாளத்துப் பெண்ணா? புத்தர் அவதாரமா இல்லையா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்காமல் இங்கே எழுதி வைக்கிறேன். ஹோட்டல், சாப்பாடு பற்றி டிராவல்ஸ்காரர் சொல்லிவிடுவார். அவர் சொல்லாமல் விடுவதைத்தான் நான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

முக்திநாத்துக்குத் தில்லி வழியாகத்தான் போக வேண்டுமா?

வேண்டியதில்லை. ரயிலில் கோரக்பூர் வந்து, சோனௌலி எல்லையைத் தாண்டி, லும்பினியைப் பார்த்துவிட்டுப் பொக்காரா ஏறுகிற குழுக்கள் நிறைய. தில்லியிலிருந்து காத்மாண்டுவுக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 2014 முதல் பஸ்ஸும் உண்டு. தில்லி கேட் பக்கம் அம்பேத்கர் ஸ்டேடியம் டெர்மினலில் கிளம்பும். ஒரு நாளுக்கு மேல் உட்கார்ந்தே வர வேண்டும், முழங்கால் வலிக்காரர்கள் அதை மறந்துவிடலாம். பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சிறிய விமானம், 20 நிமிடம் போல. காலையில்தான் பறக்கும். முற்பகல் தாண்டினால் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் காற்று பேயாக அடிக்கும். ஜோம்சோமிலிருந்து ராணிபௌவா வரை ஜீப், அதற்கு மேல் நடை, குதிரை அல்லது டோலி.

ஆதார் அட்டை போதுமா?

விமானத்தில் போவதானால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். விசா கிடையாது. ஆதாரை மட்டும் நம்பிக் கிளம்பி, விமான நிலையத்தில் வாக்குவாதம் செய்தவர்கள் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். நம் 1 ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய். 1993 முதல் அதே கணக்கு. கடைக்காரர் விலை சொன்னதும் எந்த ஊர் ரூபாய் என்று கேட்டுவிட்டுப் பேரத்தை ஆரம்பியுங்கள்.

அங்கே பௌத்தப் பெண் துறவிகள் இருக்கிறார்களாமே? அப்படியென்றால் முக்திநாத் பெருமாள் கோவிலா, பௌத்தக் கோவிலா?

இதைக் கேட்காதவரே கிடையாது. முதலில் அங்கே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

சுமார் 3,700 மீட்டர் உயரத்தில், மூன்றடுக்குக் கூரை போட்ட சின்னக் கோவில். பின்பக்கம் அரைவட்டமாக ஒரு சுவர். அதில் மாட்டுமுகம் வைத்த 108 தாரைகள். தலையைக் குனிந்துகொண்டு ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அவற்றின் அடியில் ஓட வேண்டும். பத்தாவது தாரையைத் தாண்டுவதற்குள் மண்டை விறைத்துப்போகும். கோவிந்தா கோவிந்தா என்று ஆரம்பித்தவர்கள் பாதியிலேயே வெறும் "ஆ, ஊ" என்று முடிப்பதைப் பார்க்கலாம். அப்புறம் முன்னால் இருக்கும் இரண்டு குளங்களில் முழுக்கு. உள்ளே முக்தி நாராயணர், இருபக்கமும் ஸ்ரீதேவி பூதேவி.

நம்மவர்கள் அவரைச் சேவித்துக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் ஜெபமாலை உருட்டிக்கொண்டு நிற்கும் முஸ்டாங் கிழவி அதே மூர்த்தியை வணங்குகிறார். அவருக்கு அது சென்ரெசி, அதாவது அவலோகிதேசுவரர் என்கிற கருணைப் போதிசத்துவர். அவர்கள் கணக்கில் இந்த இடத்தில் குரு ரின்போச்சே என்கிற பத்மசம்பவர் திபெத்துக்குப் போகும் வழியில் தவம் செய்தார். சந்நிதியில் இந்துப் பூசாரியோடு பௌத்தப் பெண் துறவியும் கைங்கரியம் செய்வார். பிரசாதம் அவர் கையாலும் கிடைக்கும். கொஞ்சம் தள்ளி ஜ்வாலா மாயி கோவில் இருக்கிறது. அது முழுக்கப் பெண் துறவிகளின் பராமரிப்பு. பாறை இடுக்கில் பூமிக்குள்ளிருந்து வரும் எரிவாயு நீலச்சுடராக எரிகிறது, பக்கத்திலேயே தண்ணீர் ஓடுகிற சத்தம். குனிந்து பார்த்தால்தான் தெரியும், அவசரப்பட்டு வந்துவிடாதீர்கள். தண்ணீரில் நெருப்பு எரிவதை இந்துக்கள் அம்மனாகக் கும்பிடுகிறார்கள். பௌத்தர்களுக்கும் அது புனிதம்தான்.

ஆக, ஒரு கோவில், இரண்டு வழிபாடு. ஒருவர் இன்னொருவருக்குக் கடன் கொடுத்ததாக அங்கே யாரும் பேசி நான் கேட்டதில்லை. சமவெளியிலிருந்து போகிற நாம்தான் பட்டா யார் பேரில் என்று கேட்கிறோம்.

திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் இதுதானா?

108 திவ்யதேசப் பட்டியலில் இதைத்தான் பெரும்பாலோர் வைத்திருக்கிறார்கள். "சாளக்கிராமம் அடை நெஞ்சே" என்று ஆழ்வார் நெஞ்சைக் கிளப்பிவிடுகிற பதிகம் நினைவிருக்கும். ஆனால் அந்தப் பதிகத்தின் கடைசிப் பாசுரம் தாரா என்கிற வாத்துகள் நிறைந்த வயல் சூழ்ந்த ஊர் என்கிறது. முக்திநாத்தில் தாராவும் இல்லை, நெல்வயலும் இல்லை; மழை எட்டாத காய்ந்த மலை அது. அதனால் கண்டகிக் கரையில் வேறோர் இடமே ஆழ்வார் சொன்னது என்பாரும் உண்டு. ஆழ்வாருக்கு எந்த மலையைப் பாடினாலும் காவிரிக்கரை வயல் வந்து விழும் என்று எங்கள் பெரியப்பா சமாதானம் சொல்வார். எனக்கு அது பிடித்திருக்கிறது.

சாளக்கிராமம் வெறும் ஃபாசில் என்று பேரன் சொல்கிறான். உண்மையா?

பேரன் சொல்வது சரி. அம்மோனைட் என்கிற கடல் உயிரியின் கல்லான ஓடு அது. இமயம் எழும்புவதற்கு முன் அங்கே டெதிஸ் என்ற கடல் இருந்தது. இந்தியத் துண்டு ஆசியாவை முட்டியதில் கடலடி மண்ணெல்லாம் மலையாக உயர்ந்தது. 14 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய ஜுராசிக் காலத்துச் சுருள் ஓடுகள் இன்று காளி கண்டகியில் கறுப்புக் கூழாங்கல்லாக உருண்டு வருகின்றன. கல்லைப் பிளந்தால் உள்ளே வரிவரியாகச் சக்கரம்.

பாட்டி சொல்வதும் கதைதான் என்றாலும் கேட்க வேண்டிய கதை. துளசியின் சாபத்தால் திருமால் கல்லானார். வஜ்ரகீடம் என்ற புழு அந்தக் கல்லைக் குடைந்து சக்கரம் வரைந்தது. புவியியல் தெரியாத காலத்தில், ஓர் உயிர்தான் இந்தச் சுருளை உண்டாக்கியிருக்க வேண்டும் என்று யாரோ கல்லைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்.

வாங்கி வருவதானால் வீட்டில் தினமும் தீர்த்தம் விட்டு நைவேத்தியம் காட்ட ஆள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஷோகேஸில் வைக்க வாங்காதீர்கள். இன்னொன்று: 2023-இல் கண்டகிக் கரையிலிருந்து அயோத்திக்கு இரண்டு பெரிய பாறைகள் போனதே, அதில்தான் ராமர் சிலை செய்தார்களா என்று கேட்கிறார்கள். இல்லை. கருவறைச் சிலை கர்நாடகத்துக் கருங்கல்.

அந்த அவலோகிதேசுவரருக்கும் தமிழ்நாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

திருநெல்வேலிக்காரர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பௌத்த நூல்களில் அவலோகிதரின் இருப்பிடம் போதலகம் என்ற மலை. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிவரை வந்த சீனத் துறவி யுவான் சுவாங், தெற்கே மலயமலைக்குப் பக்கத்தில் அந்த மலை இருப்பதாகக் கேள்விப்பட்டு எழுதிவைத்தார். மலை உச்சியில் ஏரி, அதிலிருந்து ஓர் ஆறு என்றும் சொல்கிறார். அது நம் பொதிகைதான் என்று கருதுகிற ஆய்வாளர்கள் இருக்கிறார்கள்.

பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் புத்தமித்திரர் எழுதிய வீரசோழியம் என்ற இலக்கண நூல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அகத்தியர் தமிழைக் கேட்டுக்கொண்டதே அவலோகிதரிடம்தான் என்கிறது. சிவனிடம் கேட்டார், முருகனிடம் கேட்டார் என்று சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள்? பௌத்தத் தமிழர்கள் அதே அகத்தியரை வைத்துக்கொண்டு ஆசிரியரை மட்டும் மாற்றிவிட்டார்கள்.

அப்புறம் அந்த மலையின் பெயரைத்தான் லாசாவில் தலாய் லாமாக்கள் தங்கள் அரண்மனைக்கு வைத்தார்கள். தலாய் லாமாவே அவலோகிதரின் வடிவம் என்பது அவர்கள் நம்பிக்கை. இலங்கையில் புத்தரின் புனிதப் பல்லை வைத்திருக்கும் கண்டி தலதா மாளிகைக்கு எதிரே நாத தேவாலயம் இருக்கிறது. அந்த நாதரும் இவரே. பாபநாசத்தில் குளித்துவிட்டு முக்திநாத்தில் குளிக்கப் போகிறவர், தன் ஊர் மலைக்காரர் ஒருவரை அங்கே வேறு பெயரில் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

காத்மாண்டுவில் பசுபதிநாத் தவிர என்ன பார்க்க?

பசுபதிநாத்தில் மூல லிங்கத்தைத் தொட்டுப் பூஜை செய்யும் பட்டர்கள் கர்நாடகத்திலிருந்து வருகிறவர்கள். 2009 தொடக்கத்தில் அப்போதைய அரசு நேபாளப் பூசாரிகளை வைக்கப் பார்த்தது, எதிர்ப்பு கிளம்பி அந்த முடிவு நிற்கவில்லை. நாலு முகத்தையும் நாலு வாசல் வழியாகப் பாருங்கள். இதெல்லாம் வழிகாட்டி சொல்லிவிடுவார்.

அவர் அவசரத்தில் விட்டுவிடுவது குமாரி வீடும் லலித்பூர் மச்சிந்திரநாதரும். குமாரி என்பவள் தலேஜு அம்மனாக வழிபடப்படும் சிறுமி. அரசர்களே வந்து அவளிடம் திலகம் வாங்கினார்கள். இந்துக்களின் அம்மன், ஆனால் சிறுமியைத் தேர்ந்தெடுப்பது நேவார் பௌத்தர்களான சாக்கியக் குடும்பங்களிலிருந்து. முற்றத்தில் நின்றால் சில நேரம் மேல்ஜன்னலில் ஒரு நொடி முகம் காட்டுவாள். அப்போது கேமரா கூடாது.

மச்சிந்திரநாதர் கதை அதைவிட நமக்கு நெருக்கம். கோரக்நாதர் மழை நாகங்களைத் தன் ஆசனத்துக்கு அடியில் அடக்கி உட்கார்ந்துவிட்டார், பள்ளத்தாக்கில் பன்னிரண்டு வருடம் மழை இல்லை. குரு வந்தால் சீடர் எழுந்திருக்கத்தானே வேண்டும்? குருவான மச்சிந்திரரைக் காமரூபத்திலிருந்து, அதாவது அஸ்ஸாம் பக்கத்திலிருந்து, அழைத்து வந்தார்கள், சீடர் எழுந்தார், மழை கொட்டியது. இன்றும் மழைக்காலத்துக்கு முன் மூங்கிலும் பிரம்பும் கட்டிய நெட்டையான தேரில் அவரை இழுக்கிறார்கள். இந்துக்களுக்கு மச்சிந்திரநாதர், பௌத்தர்களுக்குக் கருணாமயர், அதாவது மறுபடியும் அவலோகிதர். குரு, சீடர் இருவரும் நம் பதினெண் சித்தர் வரிசையில் மச்சமுனி, கோரக்கர் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். மச்சமுனிக்குத் திருப்பரங்குன்றம், கோரக்கருக்கு நாகப்பட்டினம் பக்கம் வடக்குப் பொய்கைநல்லூர். நீங்கள் ரயிலை விட்டு இறங்கிய கோரக்பூரும் அந்தக் கோரக்கர் பெயரில்தான்.

கஜேந்திர மோட்சம் நடந்தது கண்டகியில் என்கிறார்கள். நம் கபிஸ்தலம் என்ன ஆச்சு?

ஒன்றும் ஆகவில்லை, கும்பகோணம் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. கண்டகி சமவெளியில் இறங்குகிற திரிவேணியில் நேபாள எல்லையோரம் ஓரிடத்தைக் காட்டுவார்கள். பீகாரில் கண்டகி கங்கையோடு சேரும் சோன்பூரிலும் காட்டுவார்கள். அங்கே கார்த்திகைப் பௌர்ணமிக்குக் கூடும் கால்நடைச் சந்தை பேர்போனது, யானைகளே சந்தைக்கு வந்த காலம் உண்டு. முதலை இருக்கிற எந்த ஆற்றங்கரையிலும் இந்தக் கதை வேர்விடும். எது நிஜம் என்று என்னைக் கேட்டால், ஆழ்வார் பாடிய ஆற்றங்கரைக் கண்ணன் கபிஸ்தலத்தில்தான் இருக்கிறார் என்று ஊர்ப்பாசத்தோடு சொல்வேன்.

சீதை பிறந்தது ஜனக்பூரா, சீதாமடியா?

மிதிலை ஒரு நாடு. இன்றைய எல்லைக்கோடு அதன் நடுவில் போகிறது. ஜனகரின் தலைநகரம் நேபாளத்து ஜனக்பூர் என்றும், ஏர் ஓட்டியபோது குழந்தை கிடைத்த இடம் பீகாரின் சீதாமடி பக்கம் புனௌரா என்றும் சொல்வது வழக்கம். இரண்டு பக்கமும் பேசுவது மைதிலி, இரண்டு பக்கமும் கல்யாண வீட்டில் சீதா கல்யாணப் பாட்டுத்தான். ஜனக்பூரில் இப்போதுள்ள ஜானகி கோவில் பழையது இல்லை. மத்திய இந்தியாவின் டிகம்கட் ராணி கட்டுவித்து 1910-இல் முடிந்தது. ஒன்பது லட்சம் செலவானதால் நௌலக்கா என்பார்கள். பீகாரின் ஜெயநகரிலிருந்து 2022 ஏப்ரல் முதல் மறுபடி ரயில் போகிறது. மார்கழித் திங்களை ஒட்டி வரும் விவாக பஞ்சமிக்குப் போனால் அயோத்தியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஊர்வலமாக வருவதைப் பார்க்கலாம். கூட்டம் தாங்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

லும்பினியில் பார்க்க ஒன்றுமே இல்லை என்கிறார்களே?

கோபுரம் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். ஒரு வெள்ளைக் கட்டடம், உள்ளே செங்கல் அடித்தளங்கள், வெளியே ஒரு குளம், ஒரு தூண். அந்தத் தூண்தான் விஷயம். 1896-இல் அடையாளம் கண்டார்கள். முடிசூடி இருபது ஆண்டு கழித்து அசோகர் நேரில் வந்து வணங்கினார், சாக்கியமுனி பிறந்த ஊர் என்பதால் லும்பினிக்கு வரியை நீக்கினார், விளைச்சலில் எட்டில் ஒரு பங்கு கொடுத்தால் போதும் என்றார் என்று பொறித்திருக்கிறது. கடவுளைப் பார்க்க வந்தவர் ஊர்க்காரர்களுக்கு வரிச்சலுகை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

தூண் மண்ணில் புதைந்து கிடந்த காலத்திலும் மாயாதேவி பூஜையின்றி இருக்கவில்லை. மரக்கிளையைப் பிடித்தபடி நிற்கும் அவள் சிலையைச் சுற்றுவட்டாரத்து இந்துக் கிராமத்தார் ரும்மின்தேயி என்று தங்கள் அம்மனாகக் கும்பிட்டு வந்தார்கள்.

புத்தர் வளர்ந்த கபிலவஸ்து எங்கே இருக்கிறது? அதற்கும் தில்லிக்கும் என்ன தொடர்பு?

நேபாளம் திலௌராகோட் என்கிறது, இந்தியா உத்தரப் பிரதேசத்துப் பிப்ரஹவா என்கிறது. கோட்டை, வாசல் எல்லாம் கிடைத்தது திலௌராகோட்டில். புத்தருடையதாகக் கருதும் அஸ்தி கிடைத்தது பிப்ரஹவாவில். 1898-இல் தோண்டியபோது கிடைத்த அஸ்தியைப் பிரிட்டிஷ் அரசு சயாம் மன்னருக்குக் கொடுத்தது. 1970-களில் தொல்லியல் துறை இன்னும் கீழே தோண்டியபோது மறுபடியும் கிடைத்தது. அதுதான் தில்லி தேசிய அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது. உத்யோக் பவன் மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம், திங்கள் விடுமுறை. 2012-இல் இலங்கைக்குக் கொண்டுபோனபோது அங்கே மக்கள் வெள்ளமாகத் திரண்டார்கள். இப்படி அவ்வப்போது வெளியே போகும், அதனால் கேட்டுவிட்டுப் போங்கள். முதல் அகழ்வில் கிடைத்த மணிகளில் ஒரு பகுதி தோண்டியவரின் குடும்பத்திடமே இருந்து 2025-இல் ஏலத்துக்கு வந்தது; இந்தியா எதிர்த்ததும் ஏலம் நின்று, அந்த ஆண்டே நாடு திரும்பியது.

தில்லியில் ஒரே ஒரு அரை நாள் இருக்கிறது. செங்கோட்டையா, குதுப் மினாரா?

இரண்டும் வேண்டாம், ஃபிரோஸ் ஷா கோட்லா போங்கள். மெட்ரோ தில்லி கேட். நேபாள பஸ் கிளம்பும் டெர்மினலுக்குப் பக்கம்தான். முன்பு லாகூர் பஸ்ஸும் அங்கிருந்துதான் கிளம்பும், 2019-இல் நின்றுபோனது.

உள்ளே படிப்படியாக எழுப்பிய ஒரு கட்டடம், அதன் தலையில் சுமார் 13 மீட்டர் உயர அசோகர் தூண். ஹரியானாவின் தோப்ராவில் இருந்ததை 1356 வாக்கில் ஃபிரோஸ் ஷா துக்ளக் பெயர்த்துக் கொண்டுவந்தார். சாய்க்கும்போது உடையாமலிருக்க இலவம்பஞ்சை மெத்தையாகக் குவித்து, தூணை நாணலாலும் பச்சைத் தோலாலும் சுற்றி, 42 சக்கர வண்டியில் ஏற்றி, யமுனையில் படகுகளைச் சேர்த்துக் கட்டி மிதக்கவிட்டு வந்தார்களாம். அந்தக் கால வரலாற்றாசிரியர் அஃபிஃப் எழுதிவைத்திருக்கிறார். எழுத்தை வாசிக்க சுல்தான் பண்டிதர்களைக் கூப்பிட்டுப் பார்த்தார், யாருக்கும் தெரியவில்லை.

1837-இல் ஆங்கிலேய அறிஞர் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்து முடித்தார். தேவர்களுக்குப் பிரியமான பியதசி என்று வந்தது. யார் இந்தப் பியதசி? இந்திய அரச வரிசைகளில் அப்படி ஒரு பெயர் இல்லை. இலங்கை ராஜாவாக இருக்குமோ என்றுகூட பிரின்செப் நினைத்தார். அதே ஆண்டில் இலங்கையில் அதிகாரியாக இருந்த ஜார்ஜ் டர்னர், தீபவம்சம் என்ற பாலி ஏட்டில் விடையைக் கண்டார்: பியதசி என்பவர் சந்திரகுப்தரின் பேரன், பிந்துசாரரின் மகன், அசோகர். தில்லித் தூணில் இருந்த பெயருக்கு உரியவரை இலங்கைத் துறவிகள் பல நூற்றாண்டுகளாக ஏட்டில் காப்பாற்றி வைத்திருந்தார்கள். அசோகரின் பாறைக் கல்வெட்டுகளில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாம்பரபரணி வரைக்கும் மருத்துவ வசதி செய்ததாக வருகிறதே, அந்தத் தாம்பரபரணி இலங்கைதான்.

கோட்லா தூணில் உள்ள ஏழாவது கட்டளை வேறெந்தத் தூணிலும் இல்லை. வழியெல்லாம் ஆலமரம் நட்டேன், மாந்தோப்பு வைத்தேன், கிணறு தோண்டினேன், தங்க இடம் கட்டினேன் என்கிறார். வியாழக்கிழமை போனால் கீழ் அறைகளில் ஜின்களுக்கு மனு எழுதி வைத்து, விளக்கேற்றிவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கலாம். இந்து, முஸ்லிம் எல்லோரும் வருவார்கள். வாடகைப் பிரச்சினை முதல் மகளின் கல்யாணம் வரை எல்லாம் மனுவில் இருக்கும்.

இலங்கைக்கும் போகிறோம். சிங்களவர்கள் கண்ணகியைக் கும்பிடுகிறார்கள் என்பது நிஜமா?

நிஜம், அதுவும் நம்மைவிட அதிகமாக. மதுரையை எரித்தவளுக்கு நம் ஊரில் எத்தனை கோவில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், விரல்கள் மிஞ்சும். இலங்கையில் அவள் பத்தினி தெய்யோ. கண்டியின் எசல பெரஹெரா என்ற திருவிழாவில் புத்தரின் புனிதப் பல்லுக்கான பேழை யானைமேல் போகும். பின்னால் நாதர், விஷ்ணு, கதிர்காமக் கந்தன், பத்தினி என்று நான்கு தேவாலயங்களின் ஊர்வலம் வரும். பெண்கள் ஆடி வருவது பத்தினி ஊர்வலத்தில்தான். அம்மை நோய் கண்டாலும் மழை பொய்த்தாலும் அவளிடம்தான் முறையீடு. பௌத்தர்கள் அவளை ஒருநாள் புத்தராகப் போகிறவள் என்று வைத்திருக்கிறார்கள். கோவலன் அங்கே பாலங்க. கண்ணகி மாங்கனியில் பிறந்தவள் என்று கதை வேறு விதமாக ஆரம்பிக்கும்.

மட்டக்களப்புப் பக்கம் தமிழர்கள் வைகாசியில் சடங்கு வைத்து, கண்ணகி வழக்குரை பாடி, கடைசியில் குளிர்த்திப் பாட்டால் அவள் கோபத்தை ஆற்றுவார்கள். எரித்தவளைக் குளிரவைக்கத் தனியாக ஒரு பாட்டு வைத்திருக்கிற ஊர் அது.

கண்ணகி இலங்கைக்குப் போன வழி எது? சிலப்பதிகாரம் சொல்வது: செங்குட்டுவன் இமயத்தில் கல் எடுத்து, கங்கையில் நீராட்டி, கனக விசயர் தலையில் ஏற்றி வஞ்சிக்குக் கொண்டுவந்தான், கோவில் விழாவுக்கு வந்தவர்களில் "கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தனும்" ஒருவன். அந்தக் கயவாகுதான் கஜபாகு, இரண்டாம் நூற்றாண்டு இலங்கை மன்னன் என்பார்கள். அதை வைத்துத்தான் சங்ககாலத்துக்கே தேதி போட்டார்கள் பலர். ஆனால் இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம் கஜபாகுவைப் பற்றிப் பேசும்போது பத்தினியைக் குறிப்பிடவில்லை, அதனால் எல்லா ஆய்வாளர்களும் இதை ஏற்பதில்லை. கதை என்ற அளவில் பார்த்தால், முக்திநாத்துக்குப் போகிற நீங்கள் கண்ணகியின் கல் புறப்பட்ட மலைக்குப் போகிறீர்கள், அடுத்த வருடம் அது போய்ச் சேர்ந்த தீவுக்கும் போகப்போகிறீர்கள்.

யாழ்ப்பாணம் போனால் நயினாதீவையும் விடாதீர்கள். நாகபூஷணி அம்மன் கோவிலும் நாகதீப விகாரையும் ஒரே சின்னத் தீவில். இரண்டு நாக மன்னர்கள் மணி ஆசனத்துக்குச் சண்டையிட, புத்தர் வந்து தீர்த்துவைத்தார் என்று மகாவம்சம் சொல்கிறது. மணிமேகலையில் மணிபல்லவத்தில் உள்ள பீடிகையின் கதையும் அதேதான். அந்த மணிபல்லவம் நயினாதீவு என்பது பலர் கருத்து.

புத்தர் விஷ்ணுவின் அவதாரமா?

யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சில புராணங்களும், கீதகோவிந்தம் பாடிய ஜெயதேவரும் ஆம் என்பார்கள். நம் ஊர் வைணவர்களின் தசாவதாரத்தில் பலராமர் இருப்பார், புத்தர் இருக்கமாட்டார். பௌத்தர்கள் ஒப்புக்கொள்வதில்லை, 1956-இல் நாக்பூரில் அம்பேத்கர் எடுத்துக்கொண்ட 22 உறுதிமொழிகளில் இதை மறுப்பதும் ஒன்று. 1898-இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவிய அயோத்திதாசப் பண்டிதர் வழிவந்த தமிழ்ப் பௌத்தர்களிடம் போய் "அவரும் நம்ம பெருமாள்தானே" என்று அன்பாகச் சொன்னாலும் அது அன்பாகக் கேட்காது. புத்தகயாவில் இந்த விவாதம் நிர்வாகக் குழு வரை போயிருக்கிறது. 1949 சட்டப்படி குழுவில் பௌத்தர் நால்வர், இந்துக்கள் நால்வர், தலைவர் மாவட்ட ஆட்சியர். முழுப் பொறுப்பும் தங்களுக்கு வேண்டும் என்று பௌத்தர்கள் கேட்டுவருகிறார்கள். என் கருத்து, விகாரைக்குள் அவதாரப் பேச்சை எடுக்காமல் கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

பாகிஸ்தான், வங்கதேசத்தில் உள்ளவற்றைப் பார்க்க முடியுமா?

சுலபமில்லை. பாகிஸ்தான் பஞ்சாபில் கடாஸ்ராஜ் இருக்கிறது, சதியை இழந்த சிவனின் கண்ணீர்க் குளம் அது. பலூசிஸ்தானில் ஹிங்லாஜ் மாதா. உள்ளூர் முஸ்லிம்கள் அவளை நானி என்பார்கள். பத்மசம்பவர் பிறந்ததாகச் சொல்லும் ஸ்வாத் பள்ளத்தாக்கும் அந்தப் பக்கம்தான். டாக்காவின் தாகேசுவரி கோவிலின் பழைய மூர்த்தி பிரிவினையின்போது கொல்கத்தாவின் குமார்துலிக்கு வந்துவிட்டது, டாக்காவில் இருப்பது பிரதி. விசா கிடைக்காதவர்கள் கொல்கத்தாவில் சேவிக்கலாம்.

பாஸ்போர்ட்டும் இல்லை, வாக்காளர் அட்டையும் தொலைந்துவிட்டது. உயரமும் ஒத்துக்கொள்ளாது. என்ன செய்ய?

இமாசலத்து மண்டிக்குப் பக்கம் ரேவால்சர் போங்கள். தில்லியிலிருந்து மண்டிக்கு ராத்திரி பஸ் இருக்கிறது. மன்னன் மகள் மந்தாரவாவோடு பத்மசம்பவர் இருந்ததற்காக அவரைச் சிதையில் ஏற்றினார்கள், சிதை ஏரியானது, நடுவில் தாமரைமேல் அவர் உட்கார்ந்திருந்தார் என்பது கதை. ஏரியைச் சுற்றித் திபெத்திய மடங்கள், லோமச ரிஷி கோவில், சீக்கிய குருத்வாரா மூன்றும் உண்டு. ஏரி மீனுக்குப் பொரி போடலாம், பிடிக்கக் கூடாது.

எந்த மாதம் போகலாம்?

முக்திநாத்துக்குப் பங்குனி முதல் வைகாசி வரை, அல்லது புரட்டாசி, ஐப்பசி. ஆடி ஆவணியில் பொக்காரா விமானங்கள் மழையால் ரத்தாகும். பொக்காராவிலிருந்து ஒரே நாளில் ஏறி இறங்கும் திட்டம் கொடுத்தால் மறுத்துவிட்டு, ஜோம்சோமில் ஒரு ராத்திரி தங்குங்கள்; உடம்பு உயரத்துக்குப் பழகும். ஸ்தூபியானாலும் மணிச்சக்கரமானாலும் வலமாகவே சுற்றுங்கள். தாரையில் நனைந்தபின் மாற்ற உலர்ந்த துணியைக் கையிலேயே வைத்திருங்கள், ஜீப்பில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். எங்கள் வீட்டுக்கு வருவதானால் இரண்டு நாள் முன்னாடி ஒரு போன் போட்டுவிடுங்கள், தோசைமாவு அரைக்க வேண்டும்.